இளைஞர் ஊழியத்தில் வளர எந்த வழி? வாராந்தரப் பொறுப்பும் பயிற்சிப் பள்ளியும் இயக்கமும் ஓர் ஒப்பீடு

கிறிஸ்தவ இளைஞர் ஊழியத்தில் ஈடுபட்டு, அதன் வழியாகத் தன்னையும் வளர்த்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு முன்னால் இன்று நான்கைந்து வழிகள் திறந்திருக்கின்றன. சொந்தச் சபையின் ஞாயிறு பள்ளியிலோ இளைஞர் ஐக்கியத்திலோ வாரந்தோறும் பொறுப்பேற்கலாம். பாய்ஸ் பிரிகேட், ஒய்.எம்.சி.ஏ. போன்ற, படிப்படியான பயிற்சி உள்ள அமைப்பொன்றில் சேரலாம். மாணவர் இயக்கத்திலோ இளம் தொழிலாளர் இயக்கத்திலோ சிறு குழுவாகச் செயல்படலாம். ஐந்தாறு மாதங்களை ஒதுக்கிச் சீடத்துவப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் தங்கிப் படிக்கலாம். அல்லது விடுமுறையில் ஒரு முகாமுக்கோ குறுகிய கால ஊழியப் பயணத்துக்கோ போய்வரலாம். எல்லாமே நல்லவைதாம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பத்தொன்பது, இருபது வயதில் ஒருவரிடம் உள்ள நேரமும் பணமும் எல்லாவற்றுக்கும் போதா. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று தள்ளிப்போகும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒப்பிடும்போது பெரும்பாலோர் பார்ப்பது பேச்சாளர்கள் யார், இடம் எது, போய்வந்தவர்கள் எவ்வளவு உற்சாகமாகச் சாட்சி சொல்கிறார்கள் என்பவற்றையே. இவை எவையும் வளர்ச்சியை அளக்கப் பயன்படுவதில்லை என்பது என் கணிப்பு. நான் பார்க்கச் சொல்வது இரண்டை மட்டும்: முதலாவது, உங்களை நம்பி இன்னொருவர் இருக்கும்படியான பொறுப்பு உங்கள் கையில் எவ்வளவு காலம் தங்கும், இரண்டாவது, நீங்கள் தவறும்போது அதை நேரில் பார்த்து, முகத்துக்கு நேரே சொல்லித் திருத்தக்கூடிய மூத்தவர் ஒருவர் அங்கே இருக்கிறாரா. இந்த இரண்டும் உள்ள சாதாரண இடம், இவை இல்லாத புகழ்பெற்ற இடத்தைவிட மேலானது.

இந்த அளவுகோலுக்கு வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டு. தீமோத்தேயுவைப் பவுல் லீஸ்திராவில் சேர்த்துக்கொண்டார், பிறகு தெசலோனிக்கேயாவுக்கு அனுப்பினார், கொரிந்துவுக்கு அனுப்பினார், கடைசியில் எபேசுவில் இருக்கச் சொல்லி ஒரு சபையின் குழப்பங்களையே அவரிடம் விட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் பொறுப்பு முன்னதைவிடக் கனமானது, கவனித்தவரோ ஒருவரே. "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்ற வசனத்தை இளைஞர் கூட்டங்களில் பதாகையாகத் தொங்கவிடுகிறோம். அது பல ஆண்டுகள் உடன் உழைத்த ஒருவர், ஏற்கெனவே ஒரு கடினமான பணியில் நிற்கும் ஒருவருக்கு எழுதியது என்பதை மறந்துவிடுகிறோம்.

சொந்தச் சபையில் வாராந்தரப் பொறுப்பு

இதில் ஈர்ப்பு எதுவும் இல்லை. அதனாலேயே பலரும் இதை ஒரு தேர்வாகவே கருதுவதில்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பை எடுத்து நடத்துவதில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு பாடத்தை ஆயத்தம் செய்ய வேண்டும். அதைப் பத்து நிமிடத்தில் குலைத்துவிடும் ஒரு சிறுவனை, அவமானப்படுத்தாமல் அடக்க வேண்டும். மூன்று வாரமாக வராத பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். போன இடத்தில் வீட்டுச் சூழல் நாம் நினைத்ததுபோல் இல்லை என்று தெரிந்தால், அதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். பாடற்குழுவில் இருவருக்கு இடையே பேச்சுவார்த்தை நின்றுவிட்டால் நடுவில் நிற்க வேண்டும். காணிக்கைக் கணக்கை ஒரு ரசீது விடாமல் எழுத வேண்டும். தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகள் தலைப்புகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் நேர மேலாண்மை, முரண்பாட்டுத் தீர்வு, தொடர்புத்திறன் ஆகிய யாவும் இங்கே பெயரில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் தவறினால் பாதிக்கப்படுவது ஒரு மதிப்பெண் அல்ல, ஒரு பிள்ளை என்பதால் கற்றுக்கொள்வதும் ஆழமாக நடக்கிறது.

இளைஞர்களிடம் உண்மையான பொறுப்பைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் சபைகளுக்கு இயல்பாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் 1881 பிப்ரவரி 2 அன்று தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கம் இதில் ஒரு திருப்பம். அதன் உறுப்பினர்கள் ஒவ்வொரு வாரக் கூட்டத்துக்கும் வருவதாகவும், வந்தால் ஏதேனும் ஒரு வகையில் பங்கேற்பதாகவும் உறுதிமொழி எடுத்தார்கள். புதியவர்களைக் கவனிக்க ஒரு குழு, ஜெபக்கூட்டத்தை நடத்த ஒரு குழு, நட்புறவுக்கு ஒரு குழு என்று வேலைகள் பிரிக்கப்பட்டு, அவற்றை இளைஞர்களே நடத்தினார்கள். மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடப்படும். கூப்பிட்டதும் தன் நிலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஏதேனும் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து உறுப்பினராக நீடிக்க வழியே இல்லை. இந்த அமைப்பு சில பத்தாண்டுகளில் உலகின் பல நாடுகளுக்குப் பரவியதற்கு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைச் செய்பவர்களாக மாற்றியது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இன்றும் பல சபைகளின் இளைஞர் கூட்டங்களில் இருக்கும் செயலர், பொருளாளர், குழுத் தலைவர் என்ற ஏற்பாட்டில் இதன் சாயல் தெரிகிறது.

இந்த வழியின் குறை, அளவுகோலின் இரண்டாவது பகுதியில் இருக்கிறது. பொறுப்பு தாராளமாகக் கிடைக்கும். திருத்துபவர் கிடைப்பது அரிது. போதகருக்கு நேரம் இருக்காது. மூப்பர்களுக்கு இளைஞர் கூட்டம் அமைதியாக நடந்தால் போதும். நன்றாகச் செய்பவர் என்று ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், ஞாயிறு பள்ளி, பாடற்குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒலிபெருக்கி, சபையின் சமூக ஊடகப் பக்கம் என்று எல்லாம் அவர் தலையில் வந்து விழும். இருபத்து மூன்று வயதில் ஊழியத்தின்மேலேயே சலிப்படைந்து ஒதுங்கியவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். அளவுக்கு மீறிச் சுமந்தவர்கள். இன்னொரு பக்கம், பெரிய குடும்பத்துப் பிள்ளை என்பதாலோ நன்றாகப் பேசுகிறார் என்பதாலோ விசுவாசத்தில் வேரூன்றும் முன்பே மேடையேற்றப்படுபவர்களும் உண்டு. "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்று சபையை நடத்தும் கண்காணிகளைப் பற்றிப் பவுல் எழுதியபோது, பெருமை வந்துவிடும் என்பதையே காரணமாகச் சொன்னார். இளைஞர் தலைவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

படிப்படியாக ஏறும் அமைப்புகள்

சபையில் கிடைக்காத ஒழுங்கை இந்த அமைப்புகள் தருகின்றன. கிளாஸ்கோவில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும் தன்னார்வப் படைப்பிரிவின் அதிகாரியாகவும் இருந்த வில்லியம் அலெக்சாண்டர் சுமித், வகுப்பில் அடங்காத சிறுவர்களைப் படைப்பிரிவின் ஒழுங்கைக்கொண்டு ஈர்க்கலாம் என்று கருதி, 1883 அக்டோபர் 4 அன்று பாய்ஸ் பிரிகேடைத் தொடங்கினார். எபிரெயர் 6:19இல் வரும் "நிலையும் உறுதியுமான" நங்கூரம் அதன் சின்னமாயிற்று. சேரும் சிறுவன் லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜண்ட் என்று ஏறி, வளர்ந்தபின் அதிகாரியாகலாம். ஏறும் ஒவ்வொரு படியிலும் அவனுக்குக் கீழே சிலர் இருப்பார்கள். மேலே சிலர் இருப்பார்கள். பதினாறு வயதுக்காரர் ஒருவர் ஆறேழு சிறுவர்களின் சீருடைக்கும் வருகைக்கும் பொறுப்பாக இருந்துகொண்டே, தானும் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பது மிக நல்ல ஏற்பாடு. மோசேக்கு எத்திரோ கொடுத்த ஆலோசனையில் ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னதும் இதே நோக்கில்தான்.

ஒய்.எம்.சி.ஏ.வின் பாதை வேறு. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் துணிக்கடை ஊழியராக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தன் 22ஆம் வயதில் நண்பர்கள் சிலருடன் ஜெபத்துக்கும் வேதாகம வாசிப்புக்குமாகத் தொடங்கியது, பிற்காலத்தில் உடல், மனம், ஆவி மூன்றையும் குறிக்கும் முக்கோணத்தைச் சின்னமாகக் கொண்ட பேரமைப்பாக வளர்ந்தது. தலைவர்களைப் பயிற்றுவிக்கத் தனியே பள்ளியே நடத்தினார்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் இருந்த அத்தகைய பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிகளில் சலித்துப்போயிருந்த வகுப்பை எப்படியாவது ஈடுபடுத்த வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது; அதற்காக அவர் உருவாக்கிய விளையாட்டுதான் கூடைப்பந்து. இளைஞர்களின் சலிப்பை அவர்களுடைய குற்றமாகப் பார்க்காமல், தான் தீர்க்க வேண்டிய சிக்கலாக எடுத்துக்கொண்ட ஆசிரியர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இவ்வமைப்புகளில் பெறும் முதலுதவி, முகாம் நடத்துதல், கூட்டக் குறிப்பு எழுதுதல், கணக்கு ஒப்படைத்தல் ஆகிய திறன்கள் பிற்கால வேலைகளிலும் கைகொடுக்கும். குறை என்னவென்றால், சின்னங்களும் பதக்கங்களும் தாமே இலக்காகிவிடுவது. அணிவகுப்பு நேர்த்தியாக இருக்கும். ஜெபம் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். மேலும் இவற்றின் தன்மை கிளைக்குக் கிளை மாறுபடும்: ஒரே பெயரில் ஒரு கிளை உயிரோட்டமான இளைஞர் குழுவாகவும், மற்றொன்று விடுதியையும் விளையாட்டுத் திடலையும் நிர்வகிக்கும் நிறுவனமாகவும் இருக்கக்கூடும். ஆகவே அமைப்பின் வரலாற்றைப் படித்து முடிவெடுக்காமல், சேரப்போகும் கிளையின் கூட்டங்களுக்குச் சில வாரங்கள் போய் உட்கார்ந்து பார்ப்பதே சரி.

சிறு குழு இயக்கங்கள்

இந்த வழி நம்மவர்களிடையே பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் கார்டைன், குருத்துவப் பயிற்சிக்குப் போனபின், தன்னுடன் படித்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றுவிட்ட நண்பர்கள் திருச்சபையிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதைக் கண்டார். அவர்களை மீண்டும் கோவிலுக்கு அழைப்பதைவிட, தொழிற்சாலைக்குள்ளேயே அவர்கள் கிறிஸ்தவர்களாக வாழ வழிசெய்ய வேண்டும் என்று தீர்மானித்து, அவர் உருவாக்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் முறையான வடிவம் பெற்றது. பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல் என்ற மூன்று படிகளே அதன் முழுப் பயிற்சி முறையும். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சமூகச் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். கார்டைன் 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

முறை நடைமுறையில் இப்படி இயங்கும். வேலை செய்யும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். ஒருவர், தன்னுடன் வேலைபார்க்கும் பெண்ணுக்குக் கூடுதல் நேர ஊதியம் தரப்படவில்லை என்கிறார். உடனே அறிவுரையோ கண்டனமோ கிடையாது. முதலில் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்கு இப்படி? எத்தனை மாதமாக? யார் முடிவெடுக்கிறார்? அந்தப் பெண் என்ன விரும்புகிறார்? பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் கேட்டு வர வேண்டும். அதன்பின் நற்செய்தியைத் திறந்துவைத்து, இந்த நிலைமை கடவுளின் விருப்பத்துக்கு ஏற்றதா என்று சீர்தூக்குகிறார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தான் செய்யப்போகும் ஒரு சிறு செயலைச் சொல்கிறார்கள். மறுவாரம் அதைச் செய்தார்களா என்ற கேள்வி தவறாமல் வரும். உடன் இருக்கும் குருவோ வழிகாட்டியோ பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. முடிவெடுப்பது இளைஞர்களின் வேலை.

இந்த முறையில் ஓராண்டு பழகியவரிடம் வேறு வழிகளில் எளிதில் வராத ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: பேசுவதற்கு முன் விசாரிப்பது. பிரசங்க மேடைகளில் வளரும் இளைஞர்களிடம் நான் காணும் பெருங்குறை, நிலைமையை அறியாமலேயே வசனத்தை எடுத்துப் பயன்படுத்தும் அவசரம். கார்டைனின் முறை அந்த அவசரத்தை வேரிலேயே தடுக்கிறது. இது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்று மற்ற சபையினர் ஒதுக்கிவைத்திருப்பது அவர்களுக்குத்தான் இழப்பு. ஏழெட்டுப் பேரும் ஓர் அறையும் இருந்தால் எந்தச் சபையிலும் தொடங்கிவிடலாம்.

கல்லூரிகளில் இயங்கும் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள் இதற்குப் பக்கத்தில் வருகின்றன. ஜான் மாட் முதலியோர் 1895இல் சுவீடனில் உருவாக்கிய உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பும், 1947இல் உருவான சர்வதேச நற்செய்தி மாணவர் ஐக்கியமும் இறையியலில் வெவ்வேறு பக்கம் நின்றாலும், கல்லூரிக்குள் மாணவர்களே பொறுப்பேற்று நடத்துவது என்பதில் ஒன்றுபடுகின்றன. இங்கே கிடைக்கும் தனிச்சிறப்பான பயிற்சி, விட்டுக்கொடுப்பது. படிப்பு முடிந்தால் வெளியேறியே ஆக வேண்டும் என்பதால், இருபது வயதில் தலைவரானவர் இருபத்தொரு வயதுக்குள் தனக்கு அடுத்தவரைத் தேடி, உடன் வைத்துப் பழக்கி, ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். கேட்டவற்றை "மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி" என்ற கட்டளையை இவ்வளவு இளவயதில் கட்டாயமாகச் செய்துபார்க்கும் இடம் வேறெதுவும் இல்லை. பதவியை விட மனமில்லாத எழுபது வயதுச் சபைத் தலைவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை, இது படிப்போடு முடிந்துவிடுவது. ஒரே வயதினர் நடுவே மூன்றாண்டு இருந்து பழகியவர், குழந்தைகளும் முதியவர்களும் கலந்த சாதாரணச் சபைக்குத் திரும்பும்போது திணறுவதும் உண்டு.

தங்கிப் படிக்கும் பயிற்சி

1960இல் லோரன் கன்னிங்காம் தொடங்கிய யூத் வித் எ மிஷன் (சுருக்கமாக ஒய்வேம்) அமைப்பின் சீடத்துவப் பயிற்சிப் பள்ளி, டி.டி.எஸ். என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பும், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் களப்பணியும் என்பது அதன் அமைப்பு. வாரம் ஒரு பொருள், வாரம் ஓர் ஆசிரியர். நடுநடுவே துப்புரவு, சமையல், தோட்டம் என்று வேலைப் பங்கீடு. வேறு மொழி பேசும் மூன்றுபேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வது, தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த நல்லெண்ணத்தை இரண்டே வாரத்தில் சோதித்துவிடும். தொலைபேசியின் இழுப்பிலிருந்து விலகி, அதிகாலை அமைதியில் வேதம் வாசிக்கும் பழக்கம் முதன்முறையாக நிலைப்படுவதும் பலருக்கு இங்கேதான்.

ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நிலைமை சபைக்கு நேர் எதிரானது. திருத்துபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், பொறுப்போ இரவலானது. களப்பணியில் பாடம் நடத்தும் பிள்ளைகளை அடுத்த மாதம் பார்க்கப் போவதில்லை. நடத்தியது சரியில்லையென்றால் அதன் விளைவைச் சுமப்பவர், அங்கேயே தங்கியிருக்கும் வேறொருவர். அதனால் இங்கே தன்னை அறிதல் நன்றாக வளர்கிறது. நிலைத்து நிற்றல் அவ்வளவாக வளர்வதில்லை. ஊர் திரும்பிய முதல் மாதங்களில் வரும் வெறுமையும், சொந்தச் சபை உயிரற்றதாகத் தெரிவதும் இதன் பின்விளைவுகள். அந்த நேரத்தில் சபையை விட்டே போய்விடுகிறவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. களப்பணிப் பயணச் செலவு தனி. வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானமும் போகும். பின்னர் அங்கேயே ஊழியராகத் தங்க நினைத்தால், ஒய்வேமில் சம்பளம் கிடையாது. நண்பர்களும் சபையும் தரும் ஆதரவைத் திரட்டித்தான் வாழ வேண்டும். இதை விசுவாச வாழ்க்கை என்று ஏற்பவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோரின் கடனைத் தோளில் வைத்திருக்கும் ஒருவர் இதை முன்கூட்டியே தெரிந்து முடிவெடுக்க வேண்டும். சான்றிதழை உயர்கல்விக்கு ஏற்பார்களா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. டி.டி.எஸ். அந்த அமைப்பின் சொந்தப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு நுழைவாயிலாக இருக்கிறது. வெளியில் அதன் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும்.

முறையான இறையியல் பட்டப்படிப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது போதிக்கவும் குருத்துவப் பணிக்கும் அழைப்புணர்ந்தவர்களுக்கு உரியது. தன் வளர்ச்சியைத் தேடி மூன்று நான்கு ஆண்டுகளை அதில் செலவிடுவது பொருந்தாது. இணையவழித் தலைமைத்துவப் படிப்புகள் வாசிப்புக்கு ஈடானவை. பயன் உண்டு, ஆனால் யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை.

குறுகிய பயணங்களும் பெருங்கூட்டங்களும்

ஒரு வாரம், பத்து நாள் என்று போய்வரும் இவை வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும்; வளர்த்துவிடாது. பிரான்சின் தேஸேயில், பல சபைகளைச் சேர்ந்த துறவியர் ஒன்றாக வாழும் குழுமத்தில் ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்கி, நாளுக்கு மூன்று பொது ஜெபங்களிலும், சிறு குழுக்களிலும், பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளிலும் கலந்துகொள்ளும் இளைஞர்கள், பிரிந்துகிடக்கும் சபைகள் ஒன்றாக ஜெபிக்க முடியும் என்பதைக் கண்ணால் கண்டு திரும்புகிறார்கள். 1940இல் சகோதரர் ரோஜர் அங்கே போய்க் குடியேறியபோது போரில் அகதிகளானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கிய வரலாறு அது. கத்தோலிக்க உலக இளையோர் நாளும் அப்படியே: 1995இல் மணிலாவில் லட்சக்கணக்கானோர் திரண்ட நிறைவுத் திருப்பலியில் நின்ற ஓர் இளைஞர், தன் பங்குக் கோவிலில் இளையோர் பத்துப்பேர்தான் என்ற சோர்விலிருந்து மீண்டிருப்பார். இந்த அனுபவங்களுக்கு நான் எதிரியல்லன். இவற்றைத் தலைமைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

குறுகிய கால ஊழியப் பயணங்களில் இன்னும் ஒரு கவலை உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கும் இல்லங்களுக்குப் போய், ஒரு வாரம் அவர்களோடு பாடி விளையாடி, அழுது விடைபெற்று வருவது போகிறவர்களுக்கு நெகிழ்ச்சி. திரும்பத் திரும்பப் புதிய முகங்களோடு ஒட்டிப் பிரியும் பிள்ளைகளுக்கு அது காயம். இயேசு எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பியபோது அது ஒரு குறுகிய பயணம்தான். ஆனால் அவர்கள் திரும்பிவந்து மகிழ்ச்சியோடு சொன்னதை அவர் உட்கார்ந்து கேட்டார். ஆவிகள் கீழ்ப்படிவதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்று அந்த மகிழ்ச்சியையும் திருத்தினார். திரும்பிவந்தபின் அப்படி உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லாத பயணத்துக்குப் பணம் திரட்டுவதில் பொருளில்லை.

யாருக்கு எது

இதுவரை எந்தப் பொறுப்பும் ஏற்காதவர் சபையில் ஒரு வகுப்பையோ குழுவையோ ஏற்று, குறைந்தது ஓராண்டு நடத்துவதே முதல் படி என்பேன். உள்ளூர்ச் சபையில் வாய்ப்பே இல்லையென்றால் மட்டுமே பிரிகேட் போன்ற அமைப்பு. சபையில் இருந்துகொண்டே திருத்துபவர் இல்லாத குறையைத் தீர்க்க வழி உண்டு: போதகரையோ நம்பத்தக்க மூத்த ஒருவரையோ அணுகி, மாதம் ஒருமுறை என் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பிறகு அரைமணி நேரம் குறைகளை மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலோர் மறுப்பதில்லை, கேட்பவர்கள்தாம் குறைவு. கல்லூரியில் இருப்பவர் மாணவர் குழுவைத் தவறவிட வேண்டாம், ஆனால் ஞாயிறு காலை சபையையும் விட வேண்டாம். பதினேழு, பதினெட்டு வயதிலேயே வேலைக்குப் போக நேர்ந்தவருக்குக் கார்டைனின் முறை மற்ற எதையும்விடப் பொருந்தும். மூன்று நான்கு ஆண்டு உழைத்து உள்ளுக்குள் வறண்டுபோனவருக்கே தங்கிப் படிக்கும் பயிற்சி உரிய நேரத்தில் வரும் மழை. அவரிடம் கேள்விகள் இருக்கும், திரும்பிப் போக ஓர் இடமும் இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் சேருமுன் கேட்க வேண்டிய சில உண்டு. பிள்ளைகளோடு பணியாற்றுபவர்களின் பின்னணியை விசாரிக்கும் வழக்கம் உண்டா? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? தலைவர்மேலேயே புகார் வந்தால் அதைக் கேட்பவர் யார்? கணக்கு வெளியாரால் தணிக்கை செய்யப்படுகிறதா? நடுவில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? இவற்றைக் கேட்கும்போது, அபிஷேகம் பெற்றவர்களைக் கேள்வி கேட்கலாமா என்ற பதில் வந்தால் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடலாம். நன்கு நடத்தப்படும் இடங்களில் இக்கேள்விகளுக்கு அச்சிட்ட பதிலே தயாராக இருக்கும்.

தோற்றவர்களை அந்த இடம் எப்படி நடத்துகிறது என்பதையும் விசாரியுங்கள். பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடியும் கூட்டிச்செல்லப் பவுல் மறுத்தார்; பர்னபா அவரை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனை அழைத்துவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். சென்ற ஆண்டு நடுவில் விலகியவர் இப்போது எங்கே இருக்கிறார், அவரோடு யாராவது பேசுகிறார்களா என்று பொறுப்பாளரிடம் கேட்டால், அங்கே பர்னபா ஒருவர் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

தங்கிப் படிக்கும் பயிற்சிகளின் விண்ணப்பத்தில் வழக்கமாகப் போதகரின் பரிந்துரைக் கடிதம் கேட்கப்படும். விண்ணப்பதாரர் பொறுப்புகளை எப்படி நிறைவேற்றுகிறார், மற்றவர்களோடு எப்படி ஒத்துப்போகிறார், திருத்தப்படும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். அவற்றுக்கு நேர்மையாக எழுதுமளவுக்கு உங்கள் போதகர் உங்களை வேலையில் பார்த்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். இல்லை என்றால், படிவத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, வரும் ஞாயிறு முதல் எந்த வகுப்புக்கு ஆசிரியர் தேவை என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.